டீ எத்தனை சொல்ல?

"டீ எத்தனைங்க சொல்லட்டும்?"

எங்கள் வாசகர் கூட்டத்தில் முதலில் எழும் கேள்வி இதுதான். கேட்பவர் ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு. ஈரோட்டில் தெருவுக்கு நான்கு ரயில்வேக்காரர் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் எங்களுக்கு வாய்த்தார். வேலையில் இருந்த காலமெல்லாம் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நேரம் குறித்துப் பழகிய கை சும்மா இருக்குமா? நூறு பக்க நோட்டு ஒன்றில் தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எடுத்துக்கொண்ட கதை, டீக்கணக்கு என்று கோடு போட்டு எழுதிவருகிறார். "3.42 தொடக்கம். 12 நிமிடம் தாமதம்" என்று இருக்கும். தாமதத்துக்குக் காரணம் எழுத ஒரு கட்டமும் உண்டு. அதில் பெரும்பாலும் நான்தான் இருப்பேன்.

போன மாதம் அந்த நோட்டை வாங்கிப் புரட்டினேன். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் 256 பேர். ஒரு காலத்தில் வாட்ஸ்அப் அனுமதித்த உச்சவரம்பே அவ்வளவுதான். பிறகு 512, 1,024 என்று ஏற்றினார்கள். நாங்கள் அதற்குமேல் யாரையும் சேர்க்கவில்லை. கூட்டம் என்று அறிவித்தால் முப்பது பேராவது கட்டைவிரலைக் காட்டுவார்கள். "கண்டிப்பா வர்றேங்க" என்று ஏழெட்டுப் பேர் எழுதுவார்கள். நோட்டிலோ 9, 11, 7, 8, 14, 6 என்றுதான் இருக்கிறது. அந்தப் பதினான்கிலும் இரண்டு டீ மழைக்கு ஒதுங்கி மாடி ஏறிய தையற்கடைக்காரர்களுடையது.

இணையத்தில் பழகியவர்கள் நேரில் கூடுகிற விஷயத்தில் எனக்குப் பதினைந்து வருடத்துக்கு மேல் அனுபவம். போனேன், நடத்தினேன், சொதப்பினேன். "அண்ணா, இந்த மாதிரி கூட்டத்துக்கெல்லாம் தனியா வரலாமா? வந்தா என்ன பேசறது?" என்று தம்பிகளும் தங்கைகளும் அவ்வப்போது கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டிக்கொண்டிருப்பதைவிட ஒரே முறை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

2009-இல் நான் சென்னையில் இருந்தேன். திருவல்லிக்கேணி மேன்ஷன் அறை ஒன்றில் மூன்று பேர். சாயங்காலம் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக் காசு கொடுத்து வலைப்பதிவு எழுதிக்கொண்டிருந்தேன். அது தமிழ்மணத்தின் காலம். தமிழ் வலைப்பதிவுகளின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும், 2004-இல் தொடங்கிய திரட்டி. நாம் பதிவு போட்டதும் அதன் முகப்பில் மேலே தெரியும். அடுத்தடுத்து மற்றவர்கள் போடப் போட நம்முடையது கீழே இறங்கி மறைந்துவிடும். அதற்குள் யாராவது வந்து "மீ த ஃபர்ஸ்ட்டு" என்று பின்னூட்டம் போட்டால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராது. பதிவைப் படிக்காமலேதான் அதைப் போடுகிறார்கள் என்பது தெரியும். ஆனாலும் சந்தோஷம்.

அப்போது மெரினாவில் பதிவர் சந்திப்பு என்று அறிவிப்பு வந்தது. ஞாயிறு மாலை ஐந்து மணி, காந்தி சிலைக்குப் பின்னால். அழைப்பெல்லாம் கிடையாது, யார் வேண்டுமானாலும் வரலாம். காந்தி சிலைக்குப் பின்னால் ஞாயிற்றுக்கிழமை எத்தனை கூட்டம் உட்கார்ந்திருக்கும் என்று அறிவித்தவர் யோசித்தாரா தெரியவில்லை. நான் போய், வட்டமாக உட்கார்ந்திருந்த ஒரு குழுவின் ஓரத்தில் மெதுவாக அமர்ந்தேன். கண்ணாடி போட்ட ஒருவர் ஆவேசமாகப் பேசிக்கொண்டிருந்தார். பதிவுலகில் இவ்வளவு வயதானவர்களா என்று ஆச்சரியமாக இருந்தது. பத்து நிமிடம் கழித்து அவர் 'அகவிலைப்படி' என்றபோதுதான் புரிந்தது, அது ஓய்வூதியக்காரர்களின் கூட்டம். எழுந்தேன். "உட்காருங்க தம்பி, உங்க அப்பாவுக்காக வந்தீங்களா?" என்று பக்கத்தில் இருந்தவர் பரிவாகக் கேட்டார்.

சரியான கூட்டம் முப்பதடி தள்ளி இருந்தது. பதினான்கு பேர். எல்லோரும் இணையத்தில் வைத்துக்கொண்ட பெயரைச் சொல்லித்தான் அறிமுகம் செய்துகொண்டார்கள். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. எழுத்தில் அவ்வளவு வாய் பேசியவன், என் வலைப்பதிவின் பெயரைக்கூட இரண்டு முறை சொல்லித்தான் கேட்கவைத்தேன். அந்த நேரத்தில் ஒருவர் என் பக்கம் திரும்பி, "நீங்க சும்மாதானே இருக்கீங்க, எல்லார்கிட்டயும் பத்துப் பத்து ரூபா வாங்கிச் சுண்டல் வாங்கிட்டு வாங்க" என்றார். அவ்வளவுதான். ஒவ்வொருவரிடமும் போய்க் காசு வாங்கி, மாங்காய் போட்டதா போடாததா என்று கேட்டு, பொட்டலங்களைக் கொண்டுவந்து கொடுத்து முடித்தபோது பதினான்கு பேரும் எனக்குத் தெரிந்தவர்களாகிவிட்டார்கள்.

புதிதாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இன்றைக்கும் அதுதான். கால் மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். கூட்டம் களைகட்டிய பிறகு உள்ளே நுழைவது கூச்சக்காரர்களுக்குக் கஷ்டம். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். முன்னாலேயே போனால் நாற்காலி விரிக்க ஆள் தேவைப்படும், தண்ணீர் கேன் தூக்க ஆள் தேவைப்படும். இன்னொன்று, வருகிறவர்களில் ஒருவருக்காவது முந்தின நாளே "நாளைக்கு வருகிறேன், எனக்கு யாரையும் தெரியாது" என்று தனியாக ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். உங்களைத் தேட ஒருவர் இருப்பார். ஓய்வூதியக் கூட்டத்தில் போய் உட்காரும் ஆபத்தும் இல்லை.

அன்றைக்கு வலைப்பதிவைப் பற்றிப் பேசியது கொஞ்சம்தான். அமெரிக்காவில் ஆரம்பித்த பொருளாதாரச் சரிவில் வேலை போன இருவர் இருந்தார்கள். அவர்களுக்கு எங்கே சொல்லிப் பார்க்கலாம் என்பதுதான் முக்கால்வாசிப் பேச்சு. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் என் பதிவில் 'ழ' எல்லாம் 'ல'வாக இருப்பதைச் சொல்லிக் குறைப்பட்டார். பிரவுசிங் சென்டர் கணினியில் தமிழ் தட்டச்சு செய்ய எ-கலப்பை என்ற மென்பொருள் இருந்தது, ஆனால் ழகரத்துக்கு எந்த விசை என்று எனக்குத் தெரியாது. மணலில் விரலால் ஆங்கில இசட் எழுத்தைக் கீறிக் காட்டினார். ஒரு வருடமாக நான் 'தமில்' என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். பின்னூட்டத்தில் ஒருவரும் சொல்லவில்லை.

இப்போது என் தப்பு.

2012 வாக்கில் ஆட்கள் மெல்ல ட்விட்டருக்கு நகர்ந்தார்கள். கீச்சர்கள் என்று பெயர். 140 எழுத்துக்குள் அடக்க வேண்டும். அதிலும் தமிழுக்கு நஷ்டம், ஏனென்றால் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனி எழுத்தாகக் கணக்காகும். 'தமிழ்' என்று எழுதினாலே ஐந்து போய்விடும். அப்படிச் சுருக்கிச் சுருக்கி எழுதுவதில் கெட்டிக்காரியான ஒரு தங்கை இருந்தார். புனைபெயர், முகப்புப் படத்தில் ஒரு சேவல். எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் நடந்த சந்திப்புக்கு வந்தார். நன்றாகப் பேசினார், சிரித்தார், எல்லோருடனும் நின்று படம் எடுத்துக்கொண்டார். நான் வீட்டுக்குப் போகிற பஸ்ஸிலேயே அந்தப் படத்தை ஏற்றி, நிற்கிற வரிசைப்படி அத்தனை பேரின் இணையப் பெயரையும் கீழே எழுதினேன். பெரிய சேவை செய்த நினைப்பு எனக்கு.

ராத்திரி பத்தே முக்காலுக்குப் போன் வந்தது. "அண்ணா, அந்தப் படத்தை எடுத்துருங்கண்ணா." குரல் அடைத்திருந்தது. காரணம் கேட்கவில்லை, உடனே நீக்கினேன். அதற்குள் மூன்று பேர் அதை எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டிருந்தார்கள். ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டு நீக்கச் சொன்னேன். பிறகு தெரியவந்தது, சேவல் படத்துக்குப் பின்னால் இருப்பது இன்னார் என்று அவருடைய புகுந்த வீட்டில் ஒருவர் கண்டுபிடித்துவிட்டாராம். மறுநாள் அந்தக் கணக்கே இல்லை. அதற்குப் பிறகு அவர் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. எழுதுகிறாரா என்பதும் எனக்குத் தெரியாது.

படம் எடுக்கச் சம்மதித்தார் என்றால் பொதுவில் போடவும் சம்மதித்தார் என்று நான் நினைத்துக்கொண்டேன். அரசு ஊழியர்கள், வீட்டுக்குத் தெரியாமல் எழுதுகிறவர்கள், ஆபீசில் லீவு சொல்லிவிட்டு வந்தவர்கள் எல்லோரும்தான் கூட்டத்துக்கு வருகிறார்கள். இப்போது எங்கள் கூட்டத்தில் படம் எடுக்கும்முன் ஒரு முறை கேட்போம்: "இது வெளியே போகும். வேண்டாங்கறவங்க இந்தப் பக்கம் வந்துருங்க." வருகிறவர்களில் ஒருவர்தான் படம் எடுப்பார். ஏன் வேண்டாம் என்று யாரையும் கேட்பதில்லை. ஊர், தெரு, வேலை பார்க்கும் இடம் எதையும் நாங்களாக விசாரிப்பதும் இல்லை. நம் ஊரில் அது கொஞ்சம் கஷ்டம்தான், "சொந்த ஊர் எதுங்க?" என்பதுதானே நமக்கு வணக்கத்துக்கு அடுத்த வார்த்தை. பழகிக்கொண்டோம்.

ஈரோட்டுக்குத் திரும்பிய பிறகுதான் புத்தகப் பக்கம் முழுசாகச் சாய்ந்தேன். இங்கே அதற்குத் தோதான மண். மக்கள் சிந்தனைப் பேரவை 2005-இல் தொடங்கிய புத்தகத் திருவிழா ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஊரையே திருப்பிப் போட்டுவிடும். வ.உ.சி. பூங்கா மைதானத்தில் நடந்த நாட்களில் சாயங்காலச் சொற்பொழிவுக்கு இடம் பிடிக்க மூன்று மணிக்கே துண்டு போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் உண்டியலோடு வந்து கடைக்காரரிடமே அதை உடைக்கக் கொடுப்பார்கள். அவர் ஒரு ரூபாய் நாணயங்களை எண்ணி முடிப்பதற்குள் பின்னால் வரிசை நீண்டுவிடும்.

ஆனால் அங்கே ஒரு குறை. ஆயிரக்கணக்கில் கூடுகிறோம், ஒருவரோடொருவர் பேசுவதில்லை. கேட்கிறோம், கைதட்டுகிறோம், பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போகிறோம். ஃபேஸ்புக்கில் புத்தகம் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்த ஐந்து பேர் ஒரு நாள் பஜ்ஜிக் கடை ஓரத்தில் யதேச்சையாகச் சந்தித்து இரண்டு மணி நேரம் நின்றுகொண்டே பேசினோம். ஸ்டால்காரர் விளக்கை அணைத்த பிறகுதான் கிளம்பினோம். மாதா மாதம் இப்படிப் பேசலாமே என்று அங்கேதான் முடிவாயிற்று.

முதல் இரண்டு கூட்டங்களை நாங்கள் கல்யாணம் மாதிரி நடத்தினோம். மண்டபம், ஃபிளெக்ஸ் பேனர், மைக், சிறப்பு விருந்தினர், அவருக்குப் பொன்னாடை, நினைவுப் பரிசு. எழுபது நாற்காலி போட்டோம். வந்தவர்கள் பதினாறு பேர். விருந்தினர் எழுபது நாற்காலிக்கும் சேர்த்துப் பேசினார். வரவேற்புரை, முன்னிலை, வாழ்த்துரை, ஏற்புரை, நன்றியுரை எல்லாம் முடிந்தபோது புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச நேரமில்லை. இரண்டு கூட்டத்துக்கும் சேர்த்து 6,400 ரூபாய் கையைக் கடித்தது. மூன்றாவது மாதம் அறிவிப்பு போடவே யாருக்கும் தெம்பில்லை.

மீண்டும் ஆரம்பித்தது கிளை நூலகத்தின் மாடியில். அரசு நூலகங்களில் வாசகர் வட்டம் என்ற அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. பல இடங்களில் பெயரளவில் இருக்கும். நூலகரிடம் போய் முறையாகக் கேட்டால் இடம் தரத் தயாராகவே இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஆள் வருவது நல்லதுதான். மைக் கிடையாது, மேடை கிடையாது. வட்டமாக உட்கார வேண்டும். புத்தகம் எழுதியவரே வந்தாலும் அதே வட்டத்தில்தான் உட்கார வேண்டும், கடைசியில்தான் பேச வேண்டும். இந்த விதி ஒன்றிரண்டு எழுத்தாளர்களுக்குப் பிடிக்கவில்லை. பரவாயில்லை என்று விட்டுவிட்டோம்.

ஆறேழு மாதம் நன்றாகப் போனது. ஆனால் வந்ததெல்லாம் ஆண்கள். பெண்கள் ஏன் வருவதில்லை என்று ஒரு கூட்டம் முழுக்க விவாதித்தோம். வாசிப்புச் சூழல், சமூக மனநிலை, பாதுகாப்பு, இன்னும் என்னென்னவோ. வாட்ஸ்அப்பில் மட்டும் எழுதிக்கொண்டிருந்த வங்கி ஊழியர் அக்கா ஒருவரிடம் போனில் இதைச் சொன்னேன். அவர் கேட்டார்: "கூட்டம் ஞாயித்துக்கிழமை காலைல பத்தரைக்குத்தானே வெக்கறீங்க? அந்நேரத்துக்கு உங்க வீட்ல கறி ஆக்கறது யாருங்க தம்பி?"

போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அடுப்படியிலிருந்து மசாலா வாசம் வந்துகொண்டிருந்தது.

நேரத்தைச் சாயங்காலம் மூன்றரைக்கு மாற்றினோம். மதியத்துக்கு மேல் நூலகம் கிடைக்காது என்பதால், உறுப்பினர் ஒருவரின் ட்யூஷன் சென்டருக்குக் குடிபெயர்ந்தோம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார வேண்டும். கரும்பலகையில் பின்னக் கணக்கு பாதியில் நிற்கும். ஐந்தரைக்கு முடித்துவிடுவோம், வெளியூர் பஸ் பிடிக்கிறவர்கள் வெளிச்சத்தோடு வீடு சேர வேண்டும். மாற்றிய மூன்றாவது மாதம் கார்டு ஐயாவின் நோட்டில் 11 டீ. அதில் ஐந்து பெண்களுடையது. விவாதம் செய்த நாங்கள் யாரும் அதற்குமுன் கடிகாரத்தைப் பார்த்திருக்கவில்லை.

இடையில் 2015 டிசம்பர். முதல் தேதி இரவு சென்னையில் அடையாறு கரை மீறியபோது ட்விட்டர் முழுக்க உதவி கேட்கிற செய்திகளும் உதவி தருகிற செய்திகளும். நாங்கள் சென்னிமலையில் தறிக்காரர்களிடம் சொல்லி 400 போர்வை வாங்கிக் கட்டினோம். அனுப்புவது யாருக்கு என்பதில்தான் சிக்கல். "அனுப்புங்க, நான் பார்த்துக்கறேன்" என்று இணையத்தில் சொன்னவர்கள் நிறைய. லாரி கிளம்பிய பிறகு அவர்களில் பாதிப் பேர் போன் எடுக்கவில்லை. சார்ஜ் இல்லாமல் இருந்திருக்கலாம், அவர்கள் வீட்டிலேயே தண்ணீர் புகுந்திருக்கலாம், குற்றம் சொல்வதற்கில்லை. கடைசியில் லாரியை வாங்கி இறக்கியவர் மெரினாவில் என்னைச் சுண்டல் வாங்க அனுப்பினாரே, அவர்தான். அவர் வீடு எந்தத் தெரு, மாடி இருக்கிறதா, பக்கத்தில் யார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆறு வருடத்துக்கு முந்தைய ஒரு சாயங்காலத்தின் பழக்கம்.

அந்த வெள்ளத்தால் 2016 ஜனவரியில் நடக்க வேண்டிய சென்னை புத்தகக் காட்சி ஜூன் மாதம் தீவுத்திடலில் நடந்தது. வெயிலைச் சொல்லி முடியாது. அவரோடு சேர்ந்துதான் சுற்றினேன். ஒரு சின்னப் பதிப்பாளர் கிடங்கில் நனைந்து ஊறிய புத்தகங்களை என்ன செய்தார் என்று சொன்னார்: எடைக்குக்கூட உடனே போட முடியவில்லை, ஈரத்தோடு வாங்கமாட்டேன் என்றாராம் பழைய பேப்பர்காரர். காய வைத்துப் போட்டாராம்.

அதைக் கேட்ட பிறகு எங்கள் குழுவில் ஒரு விதியில் மட்டும் நான் பிடிவாதமாகிவிட்டேன். விற்பனையில் இருக்கும் புத்தகத்தின் பிடிஎஃப்பை யாரும் பகிரக் கூடாது. இதற்காக என்னை 'பதிப்பக ஏஜெண்ட்' என்று திட்டிவிட்டு வெளியேறியவர்கள் நான்கு பேர். 1,200 பிரதி அச்சடித்த காலம் போய், 300 அச்சடித்துவிட்டு அது விற்குமா என்று கையைப் பிசைகிறார்கள் பதிப்பாளர்கள். 256 பேர் இருக்கிற குழுவில் ஒரு பிடிஎஃப் விழுந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இலவசமாகப் படிக்க நியாயமான வழி எவ்வளவோ இருக்கிறது. அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கிடைக்கின்றன. 1998-இலிருந்து தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து சேர்த்துவரும் மதுரைத் திட்டம் இருக்கிறது. எங்கள் கூட்டத்துக்கான கதையை நாங்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் எடுக்கிறோம்; ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தாலும் மனசு உறுத்தாது.

ஜெராக்ஸ் ஏன் என்றால், ஒரு ரகசியம் இருக்கிறது. வாசகர் கூட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் படிக்காமல்தான் வருவார்கள். முன்பெல்லாம் இதற்காகக் கோபப்படுவேன். ஒரு முறை 800 பக்க நாவலைக் குறித்துவிட்டோம். அந்த மாதம் வந்தவர்கள் நான்கு பேர், முடித்திருந்தவர் ஒருவர். அவரும் முடிவைச் சொல்லிவிட, மற்ற மூவருக்கும் படிக்க இருந்த கொஞ்ச ஆசையும் போயிற்று. படிக்காதவர்கள் வெட்கப்பட்டு வராமலே நின்றுவிடுவதும் நடந்தது. நம் ஆட்களுக்கு 'ஹோம்வொர்க் செய்யவில்லை' என்ற பயம் ஐம்பது வயதிலும் போவதில்லை.

கொரோனா காலத்தில் கூகுள் மீட், அப்புறம் 2021-இல் கிளப்ஹவுஸ் என்ற குரல் அரட்டைச் செயலி. ராத்திரி இரண்டு மணி வரை பேச்சு. ஆறே மாதத்தில் சலித்தது. அதைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

படிக்காமல் வருகிற சிக்கலுக்குத் தீர்வு பெங்களூரில் கிடைத்தது. 2023-இல் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது கப்பன் பூங்காவில் சனிக்கிழமை காலையில் கூடிப் படிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். கப்பன் ரீட்ஸ் என்று பெயர். அவரவர் பாய் விரித்து, அவரவர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, பேசாமல் படிக்கிறார்கள். தலைமை கிடையாது, விவாதம் கிடையாது. கடைசியில் எல்லோருடைய புத்தகங்களையும் ஒன்றாகப் பரப்பிப் படம் எடுக்கிறார்கள். ஆட்களை எடுக்காமல் புத்தகங்களை மட்டும் எடுக்கிறார்களே என்று எனக்குச் சேவல் படத்துக்காரியின் ஞாபகம் வந்தது. ஒரு மரத்தடியில் நானும் ஒன்றரை மணி நேரம் படித்தேன். பக்கத்தில் இருந்த பையன் என்ன மொழிப் புத்தகம் என்று எட்டிப் பார்த்தான், நான் அட்டையைத் திருப்பிக் காட்டினேன், தலையசைத்தான். அதற்குமேல் எங்களுக்குள் பேச்சில்லை.

முழுக்க முழுக்க மௌனம் என்பது நம் ஊருக்குச் சரிப்படாது, இங்கே பேசத்தான் வருகிறார்கள். ஆனால் பாதியை எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றியது. இப்போது எங்கள் கூட்டத்தில் முதல் அரை மணி நேரம் வாசிப்பு. பத்துப் பன்னிரண்டு பக்கச் சிறுகதை, ஆளுக்கு ஒரு ஜெராக்ஸ், அங்கேயே படிக்க வேண்டும். கார்டு ஐயா கையைத் தூக்கி இறக்கினால் வாசிப்பு முடிந்தது என்று அர்த்தம், கொடிதான் இல்லை. அப்புறம் வலமாக ஒரு சுற்று, ஆளுக்கு மூன்று நிமிடம். பிடித்த ஒரு வரி, பிடிக்காத ஒரு இடம், அவ்வளவு போதும். இரண்டாவது சுற்றில்தான் சண்டை. எல்லோரும் அரை மணி நேரத்துக்கு முன்னால் படித்த அதே கதை என்பதால் "நான் இதை மூலத்தில் படித்திருக்கிறேன்" என்று யாரும் அடித்துவிட முடியாது.

சண்டை என்றதும் ஞாபகம் வருகிறது. ஃபேஸ்புக்கில் ஒருவரையொருவர் கிழித்துத் தொங்கவிடும் இருவர் எங்கள் கூட்டத்துக்கு வருகிறார்கள். கட்சி வேறு, கொள்கை வேறு. நேரில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரு தட்டு முறுக்கைப் பகிர்வார்கள். கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போய் மறுபடியும் கிழிப்பார்கள். நேரில் பார்த்தால் பகை தீரும் என்று சொல்வார்களே, அதெல்லாம் எனக்குத் தெரியாது. இவர்களுக்குத் தீரவில்லை. முறுக்கு மட்டும் தீர்கிறது. தலைகீழாகவும் நடந்திருக்கிறது: இணையத்தில் உயிருக்குயிராக இருந்த இரண்டு நண்பர்கள் நேரில் முதல்முறை சந்தித்து, ஒருவர் மற்றவரிடம் ஐயாயிரம் ரூபாய் கைமாற்று கேட்டதோடு முறிந்தது. முதல் சந்திப்பில் பணம் கேட்பவருக்குக் கொடுக்காதீர்கள். கேட்கவும் கேட்காதீர்கள்.

புத்தகக் கடனுக்கும் ஒரு வார்த்தை. நான் இழந்த புத்தகங்களை அடுக்கினால் இடுப்பு உயரம் வரும். "தர்றேங்க, தர்றேங்க" என்று ஊரே மாறிப் போனவர்கள் உண்டு. கார்டு ஐயா வந்த பிறகு அவர் நோட்டின் பின்பக்கத்திலிருந்து இன்னொரு பட்டியல் ஆரம்பித்தது: யார், யாருக்கு, என்ன புத்தகம், என்றைக்கு. இரண்டு கூட்டத்துக்குள் திரும்பாவிட்டால் மூன்றாவது கூட்டத்தில் எழுந்து நின்று, பெயர் சொல்லாமல், "ஒரு புத்தகம் ரெண்டு மாசமா லேட்டா ஓடிட்டிருக்கு" என்பார். அடுத்த மாதம் வந்துவிடும், பெரும்பாலும் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டு.

செலவுக்குத் தகர டப்பா. வந்தவர்கள் இருபது ரூபாய் போடலாம், போடாமலும் இருக்கலாம். யார் போட்டார்கள் என்று பார்ப்பதில்லை. டீயும் ஜெராக்ஸும் அதிலேயே நடந்துவிடுகிறது. போன ஆகஸ்டில் மிச்சம் 740 ரூபாய் இருந்தது, பக்கத்து அரசுப் பள்ளிக்குச் சிறுவர் நூல்கள் வாங்கிக் கொடுத்தோம்.

போன ஞாயிறு நல்ல மழை. மூன்றரைக்கு நான், கார்டு ஐயா, வங்கி அக்கா மூன்று பேர்தான். ஆச்சரியமாக நான் தாமதமில்லை. ஜெராக்ஸ் பத்து எடுத்திருந்தேன். நாலு மணி வரை பார்ப்போம் என்று அக்கா சொன்னார். வேண்டாங்க, வண்டி நேரத்துக்கு எடுத்துரணும் என்றார் ஐயா. படிக்க ஆரம்பித்தோம். ஐந்தாவது பக்கத்தில் இருக்கும்போது படியில் சத்தம். கல்லூரிப் பையன் ஒருவன், தலையெல்லாம் நனைந்து, கதவோரமாக நின்றான். செருப்பை எங்கே விடுவது என்று பார்த்துக்கொண்டிருந்தான். குழுவில் இரண்டு வருடமாக இருக்கிறானாம், ஒரு வார்த்தை எழுதியதில்லை.

கார்டு ஐயா தலை நிமிராமல் ஒரு ஜெராக்ஸை அவன் பக்கம் நீட்டினார். பிறகு நோட்டில் ஏதோ திருத்தினார்.

"தம்பி, செருப்பக் கழட்டாதீங்க. கீழ டீக்கடைல போயி நாலு சொல்லிட்டு வந்துருங்க. ஒண்ணு சக்கரை இல்லாம."